பூச்சியத்தை ஒன்றாக்கிய பதினொரு வரிகள்

2024 யூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து அனலைதீவுக்கு ஒரு படகு புறப்பட்டது. அதில் பதினேழு பயணிகளும் இரண்டு காஸ் சிலிண்டர்களும் ஒரு தையல் மெசினும் ஏற்றப்பட்டிருந்தன.

பயணிகளில் ஒருத்தி அன்ரனிட்டா. பெரியப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலை நாள் என்பதால் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லி லீவு எடுத்திருந்தாள். படகு துறையை விட்டுப் பத்து நிமிடம் ஆகவில்லை, கைப்பைக்குள் ரெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து அவளுடைய மேலாளர் றொமேஷ்.

"அன்ரனிட்டா, எங்கை நிக்கிறீர்?"

"லோஞ்சிலை அண்ணை. அனலைதீவுக்குப் போறன். சொன்னனானெல்லே."

"ஓமோம், சொன்னனீர். ஒரு அவசரம். சிஸ்ரத்தின்ர ஓட்டம் சரியான மெதுவாம் எண்டு மெல்பேர்ணிலை நிண்டு கத்துறாங்கள். உம்மட புரோகிராம் லைபிரரிக்குள்ளை ஒரு சின்ன வேலை செய்யவேணும். என்ர ஐடிக்கு அங்கை எழுத ஏலாது. உம்மட பாஸ்வேட்டை ஒருக்காச் சொல்லும்."

அவள் சொன்னாள். எஞ்சின் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு மறுபடியும் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் முறை ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினாள்.

"கே! ஏ! வை! ரி! எஸ்! ரெண்டு! ஒன்பது! எம்!"

சுக்கானைப் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். "பிள்ளை, கடைசி எழுத்து எம்மோ என்னோ? எனக்கு வடிவாய் விளங்கேல்லை."

"எம் தான்," என்றாள் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்த பெண். "மரியாளுக்கு வாற எம்."

படகு முழுவதும் சிரித்தது. அன்ரனிட்டாவும் சிரித்தாள். அவுஸ்திரேலியாவில் இரண்டு லட்சம் பேரின் நோய் விபரங்களைப் பூட்டி வைத்திருந்த சொல் அது. அன்று அவளுக்கு அது அப்படித் தெரியவில்லை.

அன்ரனிட்டாவுக்கு முப்பத்தாறு வயது. ஊர்காவற்றுறையில் தாயோடும் கணவனோடும் இருக்கிறாள். வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, இரண்டு திரைகள். கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் மெல்பேர்ண் காப்புறுதிக் கம்பனியொன்றின் மெயின்பிரேம் கணினியைப் பராமரிக்கிறது. அந்த வேலைதான் அவளுக்கு ஒன்பது வருடமாக. இந்தக் காலத்திலும் அப்படியான பெரிய இயந்திரங்கள் ஓடுகின்றனவா என்று ஊரில் கேட்பார்கள். ஓடுகின்றன. அவை நின்றால்தான் அவை இருந்ததே வெளியில் தெரியவரும்.

றொமேஷின் சொந்த ஊரும் ஊர்காவற்றுறைதான். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறார். அவருடைய குழுவில் ஏழு பேர். ஏழு பேரும் தீவுப் பகுதிப் பிள்ளைகள், ஐந்து பேர் ஒரே கோயில் பங்கு. கணிதம் நன்றாக வருகிற பிள்ளை என்று யாராவது சொன்னால் றொமேஷ் கூப்பிட்டுப் பேசுவார், தானே இருந்து படிப்பிப்பார், வேலைக்கு எடுப்பார். இதை ஊரில் யாரும் மறப்பதில்லை. மறக்க விடுவதுமில்லை.

அந்தக் குழுவில் கடவுச்சொல் என்பது பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் திறப்பைப் போன்றது. வருடத்துக்கு ஒருமுறை மெல்பேர்ணிலிருந்து ஒரு படிவம் வரும்: என் கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லமாட்டேன், சொன்னால் வேலை நீக்கத்துக்கு உடன்படுகிறேன். ஏழு பேரும் கையெழுத்திடுவார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், ஒருவர் கல்யாண வீட்டில் நின்றால், மற்றவர் அவருடைய பெயரில் உள்ளே போய் வேலையை முடித்துவிடுவார். அண்ணை கேட்டால் இல்லையென்று சொல்வது எப்படி?

தன்னுடைய வேலையை அன்ரனிட்டா கணவன் அலோசியஸுக்கு ஒருமுறை இப்படித்தான் விளக்கியிருந்தாள். அந்த இயந்திரத்துக்குள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வேலைகள் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி வெளி; தனி வீடு மாதிரி. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அலுமாரி, அலுமாரியில் இழுத்துத் திறக்கும் லாச்சிகள். இரண்டாம் லாச்சி என்பது எல்லா வீட்டிலும் இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் வேறு. ஒரு வீட்டிலுள்ள நிரல் இன்னொரு வீட்டிலுள்ள சேவையைக் கூப்பிட்டு, "இரண்டாம் லாச்சியிலை ஒரு இலக்கம் எழுதி வைச்சிருக்கிறன், அந்த ஆளின்ர விபரத்தை எடுத்துத் தா" என்று கேட்கும். எந்த வீட்டு லாச்சி என்று தெரிய, கூடவே ஓர் எண்ணும் அனுப்பும். பூச்சியம் என்றால் "என்ர வீடு".

சிக்கல் அந்தப் பூச்சியத்தில் இருக்கிறது. கூப்பிடுகிறவர் பூச்சியம் என்று அனுப்பும்போது அவர் சொல்வது தன் வீட்டை. ஆனால் அழைப்பு எல்லை தாண்டிச் சேவையின் வீட்டுக்குள் வந்தவுடன், இயந்திரத்தின் கணக்கில் பூச்சியம் என்றால் சேவையின் வீடு. ஆகவே சேவை செய்யவேண்டிய முதல் வேலை, வந்த பூச்சியத்தை ஒன்றாக மாற்றுவது. ஒன்று என்றால் "என்னைக் கூப்பிட்டவரின் வீடு". மாற்றாமல் விட்டால் சேவை தன்னுடைய இரண்டாம் லாச்சியைத் திறக்கும். அங்கே முந்தி வந்த யாரோ ஒருவரின் இலக்கம் கிடக்கும். அந்த ஆளின் விபரத்தை எடுத்து, இதோ நீங்கள் கேட்டது என்று கொடுத்துவிடும். இயந்திரம் ஒரு முறைப்பாடும் சொல்லாது. லாச்சி இருந்தது, உள்ளே இலக்கமும் இருந்தது.

"அப்ப கள்ளனுக்குத் திறப்பைக் குடுத்தமாதிரி," என்றான் அலோசியஸ்.

"கள்ளனெண்டால் ஒளிச்சு ஓடுவானப்பா. இது மரியாதையாய் வந்து மற்றவன்ர சாமானைக் கையிலை தரும்."

அந்தச் சேவையை எழுதியது அன்ரனிட்டா. வரும் விபரத்தை முதலில் தன் இடத்துக்குப் பிரதி எடுத்து, சரிபார்த்து, பூச்சியத்தை ஒன்றாக்க அவளுக்குப் பதினொரு வரிகள் தேவைப்பட்டன. அவற்றுக்கு மேலே மூன்று வரிக் குறிப்பு, ஆங்கிலத்தில்: அழைப்பவரின் பூச்சியம் எங்களுடைய பூச்சியம் இல்லை. கீழுள்ள வரிகளை எடுத்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, பிறருடைய தரவு வரும். எடுக்கவேண்டாம்.

பூசை முடிந்து மறுநாள் காலை வேலைக்கு இருந்தவுடன் அவள் றொமேஷிடம் கேட்டாள், என்ன மாற்றினீர்கள் என்று. "சின்ன விஷயம், இப்ப நல்லாய் ஓடுது," என்றார். அவள் கடவுச்சொல்லை மாற்றினாள். நிரலைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த இரண்டு நிமிடத்துக்காகப் பிறகு அவள் தன்னையே மன்னிக்காமல் இருந்தாள்.

மூன்று கிழமைக்கு ஒன்றும் தெரியவரவில்லை. சேவையைக் கூப்பிடும் நிரல்களில் பெரும்பாலானவை தங்கள் விபரத்தைத் தனி வெளியொன்றில் வைத்து அதற்குரிய எண்ணை அனுப்புபவை. பூச்சியம் அனுப்பும் நிரல் ஒன்றே ஒன்றுதான்: மருத்துவக் கோரிக்கைகளுக்குப் பதில் கடிதம் அச்சிடும் பழைய நிரல். அது மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை மட்டும் ஓடும். யூன் 24 அன்று ஓடியது. 386 கடிதங்கள் தபாலில் போயின.

யூலை 2 காலை மெல்பேர்ணிலிருந்து அழைப்பு வந்தது. முறைப்பாடுகளைக் கோவையாக அனுப்பியிருந்தார்கள். அன்ரனிட்டா ஒவ்வொன்றாக வாசித்தாள். ஒருவருடைய மனநலச் சிகிச்சை விபரம் அவர் பெயரோடு முன்பின் தெரியாத இன்னொருவர் வீட்டுக்குப் போயிருந்தது. பலராட் என்ற ஊரில் ஒரு பாடசாலை ஆசிரியைக்கு, உங்கள் மார்புப் புற்றுநோயின் இரண்டாம் கட்டச் சிகிச்சைக்கான கோரிக்கை ஏற்கப்பட்டது என்று, உள்ளே பெயர் எதுவும் இல்லாத கடிதம் கிடைத்திருந்தது. அவர் சில மாதங்களுக்கு முன் ஒரு சாதாரண மார்புப் பரிசோதனை செய்திருந்தார். வைத்தியர்கள் தன்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள் என்று நினைத்தார். வியாழக்கிழமை கடிதம் கிடைத்தது. திங்கட்கிழமை வைத்தியர் தொலைபேசியை எடுக்கும்வரை, நாலு நாட்கள், அவர் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அன்ரனிட்டா நிரலைத் திறந்தாள். முதலில் தான் பழைய பிரதியொன்றைத் திறந்துவிட்டதாக நினைத்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்தாள். பதினொரு வரிகளும் இல்லை. பக்கத்தில் பதிவு இருந்தது. இறுதியாக மாற்றியவர்: அவளுடைய அடையாளம். திகதி: யூன் 11. நேரம்: இலங்கை நேரப்படி பதினொன்று நாற்பத்திரண்டு. அவசர மாற்றமாக அனுமதித்தவர்: றொமேஷ்.

அந்த நேரம் அவள் அனலைதீவில் முழந்தாளில் இருந்தாள்.

பிறகுதான் மற்றதைக் கண்டாள். மேலே இருந்த மூன்று வரிக் குறிப்பும் இல்லை.

எழுந்து குசினிக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சோற்றுப் பானையை எடுத்து மறுபடி தேய்த்தாள். தாய் ஜசிந்தா ஏனென்று கேட்டார். பானையை வைத்துவிட்டு வந்து கொழும்புக்கு அழைத்தாள்.

"அண்ணை, என்ர பதினொரு வரியை ஆர் எடுத்தது?"

"எந்தப் பதினொரு வரி?"

"உங்களுக்குத் தெரியும்."

"ஓ, அது. ஒரு நாளைக்கு நாற்பது லட்சம் அழைப்பு வருது. ஒவ்வொண்டுக்கும் நிண்டு கொப்பி எடுத்துக்கொண்டிருக்கு. பூச்சியத்தை ஒண்டாக்கிறதுக்கு ஒரு வேலை. தேவையில்லாத சுமை எண்டுதான் எடுத்தனான். ரெஸ்ற் பண்ணிப் பாத்தனான், சரியாய்த்தான் வந்தது."

"ரெஸ்ற்றிலை கூப்பிடுறதும் சேவையும் ஒரே வெளிக்குள்ளை ஓடுது அண்ணை. அங்கை ரெண்டு பேருக்கும் ஒரே பூச்சியம். சரியாய்த்தானே வரும்! அதுக்காகத்தானே மேலை எழுதி வைச்சனான்."

"நான் அதைக் கவனிக்கேல்லை."

"கவனிக்காமல் எப்பிடி அழிச்சனீங்கள்? அந்த மூண்டு வரியும் இல்லை."

"அன்ரனிட்டா, சத்தம் போடாதையும்."

"நான் இன்னும் சத்தம் போடேல்லை."

அவர் குரலைத் தாழ்த்தினார். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே குரல்; ஒன்பது வருடத்துக்கு முன் அவளுக்கும் அந்தக் குரலில்தான் சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை மெல்பேர்ணுக்கு அறிக்கை போகவேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் இது. மேலாளர் பிழை விட்டார் என்று போனால் ஏழு பேரின் வேலையும் ஆட்டம் காணும். ஒரு நிரலாளர் தவறு விட்டார் என்று போனால் ஓர் எச்சரிக்கைக் கடிதம், இரண்டு நாள் பயிற்சி, அவ்வளவுதான்.

"உம்மை நான் விடமாட்டன். அடுத்த வருஷம் உம்மை உதவி மேலாளராக்கிறது என்ர பொறுப்பு."

"எனக்கு அது வேண்டாம். செய்தது நீங்கள் எண்டு எழுதுங்கோ."

"எழுதினால் எப்பிடிச் செய்தனான் எண்டு கேப்பாங்கள். நீர் பாஸ்வேட் தந்தனீர் எண்டு வரும். படிவத்திலை என்ன எழுதியிருக்கு? முதல் போறது நீர். வடிவாய் யோசியும் பிள்ளை."

அது உண்மை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது. யூன் 11 அன்று அவள் பெயரில் யார் உள்ளே வந்தார் என்பதைக் காட்டும் பதிவு மெல்பேர்ணில் இருக்கிறது. எந்த முனையத்திலிருந்து வந்தார் என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பாருங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையே தான் கடவுச்சொல்லைக் கொடுத்ததற்கான வாக்குமூலம். அவளைக் காப்பாற்றக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்று, அதுவே அவளுடைய வேலையைப் பறிக்கும். றொமேஷுக்கு அது தெரிந்திருந்தது. தெரிந்துதான் பிள்ளை என்று கூப்பிட்டார்.

புதன்கிழமை பின்னேரம் அறிக்கையின் வரைவு வந்தது. ஐந்து பக்கம். மூன்றாம் பக்கத்தில் காரணம் என்ற தலைப்பின் கீழ் ஒரே வசனம்: முகவரி வெளிகளுக்கிடையே விபரங்களைக் கையளிப்பது தொடர்பான அடிப்படை விதியை நிரலாளர் அறியாதிருந்தமையால் இத்தவறு நேர்ந்தது.

அடிப்படை விதி. அறியாதிருந்தமையால்.

அவள் அதை நாலு தரம் வாசித்தாள். ஒவ்வொரு தரமும் புதிதாக எரிந்தது. மறதி என்று எழுதியிருந்தால் பொறுத்திருப்பாளோ என்னவோ. அவசரம் என்று எழுதியிருந்தால்கூட. தன் கையால் அவள் எழுதிய விதியை வாசித்து, அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அவளுக்கு விதி தெரியாது என்று எழுத ஒரு மனிதனுக்குக் கை வந்திருக்கிறது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே விஷயம் வீட்டுக்குள் வந்துவிட்டது. றொமேஷின் தாயார் ஜசிந்தாவுக்கு ரெலிபோன் எடுத்திருந்தார்.

"என்ன பிள்ளை, அவன் றொமேஷோடை கொழுவினியாம்?" என்றார் ஜசிந்தா, புட்டை அவித்து இறக்கிக்கொண்டே. "தாய் மனிசி அழுதுகொண்டு கதைக்குது."

"அவ ஏன் அழுறா? அவவின்ர மோன்ர பேர் ஒரு இடத்திலையும் இல்லை."

"உன்ர பேர் ஒரு பேப்பரிலை இருந்தால் இப்ப என்ன? வத்திக்கானுக்கே போகப்போகுது? அவன் இல்லாட்டி நீ இண்டைக்கு எங்கை? கொப்பர் செத்த கையோடை ஆர் வந்து நிண்டது?"

"அவர்தான் வந்தவர். நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

"பிறகென்ன?"

"அம்மா, ஒரு ரீச்சர் தனக்குக் கான்சர் எண்டு நினைச்சு நாலு நாள் இருந்திருக்கிறா. பிள்ளையளும் இருக்கு. அது என்ர கையாலை நடந்ததெண்டு நான் கையெழுத்து வைக்கவேணுமோ?"

ஜசிந்தா புட்டுக் குழலைக் கீழே வைத்தார். "பாவம்தான். ஆனா நீ செய்யேல்லைத்தானே. ஆண்டவருக்குத் தெரியும்."

"ஆண்டவர் மெல்பேர்ணிலை ரிப்போட் வாசிக்கிறேல்லை."

அலோசியஸ் இறங்குதுறைப் பக்கம் படகு எஞ்சின்கள் திருத்துபவன். கிணற்றடியில் கைகால் கழுவிவிட்டு வந்தவன் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கும் இது நடக்கிறதுதான்," என்றான். "நான் பூட்டிக் குடுத்த எஞ்சினிலை ஒரு வோஷரைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, நடுக்கடலிலை நிண்டு எனக்குத்தான் தூஷணம் கத்துவாங்கள். ஆனா எழுதித் தா எண்டு ஒருத்தனும் கேட்டதில்லை. இவர் படிச்ச மனிசன் எல்லே." துவாயால் முகத்தைத் துடைத்தான். "நான் வெள்ளவத்தைக்கு ஒருக்காப் போட்டு வரட்டோ?"

"போய்?"

"போய்ச் சும்மா முகத்தைப் பாத்துப்போட்டு வாறன்."

"உங்கடை சும்மா எனக்குத் தெரியும். ஒண்டும் வேண்டாம். இருந்து சாப்பிடுங்கோ."

"வேலை போனால் போகட்டும் எண்டுதான் சொல்லுறன். ரெண்டு பேருக்கும் சாப்பாட்டுக்கு என்ர கை காணும்."

"சாப்பாட்டைப் பற்றி ஆரப்பா இப்ப கதைச்சது?" அவள் கோபம் அவன் பக்கமும் திரும்பியது. "ஒன்பது வருஷம் படிச்சு இந்த வேலையைப் பிடிச்சு வைச்சிருக்கிறன். ஆக்களுக்கு அது என்னெண்டே தெரியாது. எனக்கு அது பிடிக்கும். போனால் போகட்டும் எண்டு நீங்கள் சொல்லாதையுங்கோ. போறதெண்டால் நான் சொல்லிப் போகவேணும்."

அலோசியஸ் புட்டில் கறியை ஊற்றினான். ஜசிந்தா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். சாப்பாட்டுக்கா மகளுக்கா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை முழுவதும் றொமேஷ் ரெலிபோன் எடுக்கவில்லை. குழுவிலுள்ள மற்றவர்கள் எடுத்தார்கள். ஒவ்வொருவரும் முதலில் ஆதரவாகப் பேசினார்கள். பிறகு ஒவ்வொருவரும், பாஸ்வேட் விஷயம் வெளியில் வந்தால் எங்களையும் தோண்டுவார்கள் அக்கா என்றார்கள். வேலணையிலிருந்து வேலை செய்யும் சயந்தினிக்கு ஆறு மாதக் குழந்தை. அவள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை, அழுதுவிட்டு வைத்துவிட்டாள். அன்ரனிட்டாவுக்கு அது எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. பிழை செய்தவர் கொழும்பில் அமைதியாக இருக்க, ஆறு வீடுகளின் பாரம் தன் தோளில் எப்படி வந்து ஏறியது என்று அவளுக்கு விளங்கவில்லை. யாரும் அவருக்கு ரெலிபோன் எடுத்து, அண்ணை உண்மையைச் சொல்லுங்கோ என்று கேட்டதாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். திரையில் ஐந்து முகங்கள். மெல்பேர்ணின் தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளர் கரோலின் அறிக்கையை வாசித்தார். நரைத்த தலை, அவசரப்படாத பேச்சு. றொமேஷ் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். காரணம் என்ற பகுதி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கையெழுத்து இன்னும் இல்லை," என்றார் கரோலின், ஆங்கிலத்தில். "அன்ரனிட்டா, ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா?"

"ஆம். யூன் 11ஆம் திகதி என் பெயரில் உள்ளே வந்தவர் எந்த முனையத்திலிருந்து வந்தார் என்று பாருங்கள்."

"ஏன்?"

"அது கொழும்பு அலுவலகமாக இருக்கும். நான் அப்போது வேறொரு தீவில் ஒரு பூசையில் இருந்தேன். அந்த வரிகளை எழுதியது நான். எடுத்தது நான் இல்லை. கடவுச்சொல்லைக் கொடுத்தது நான்."

"யாருக்கு?"

"இந்தக் கூட்டத்தில் இருக்கும் றொமேஷுக்கு."

றொமேஷ் தமிழுக்கு மாறினார். "அன்ரனிட்டா, என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? லைனைக் கட் பண்ணும். பிறகு கதைப்பம்."

"பிறகு கதைக்கிறதெல்லாம் முடிஞ்சுது அண்ணை," என்றாள் அவள், தமிழிலேயே. மூன்று நாளாக உள்ளே கிடந்தது முழுவதும் ஒரே மூச்சில் வந்தது. "நீங்கள் எடுத்தது பதினொண்டில்லை, பதினாலு வரி. மூண்டு வரியிலை எடுக்காதையுங்கோ எண்டு எழுதியிருந்தது. வாசிச்சுப்போட்டு அதையும் சேத்து அழிச்சனீங்கள். அதுக்குப் பிறகு எனக்கு விதி தெரியாதெண்டு எழுதிக் கையெழுத்துக் கேக்கிறீங்கள். நீங்கள்தானே எனக்கு அந்த விதியைப் படிப்பிச்சனீங்கள்! நான் மறக்கேல்லை. நீங்கள் மறந்திட்டீங்கள். அதைச் சொல்ல வெக்கத்திலை என்ர தலையிலை கட்டிறீங்கள்."

"மன்னிக்கவேண்டும்," என்றார் கரோலின். "கூட்டம் பதிவாகிறது. ஆங்கிலத்தில் பேசமுடியுமா?"

அன்ரனிட்டா தண்ணீர் குடித்தாள். பிறகு இருவரும் பேசியதை ஆரம்பத்திலிருந்து ஆங்கிலத்தில் சொன்னாள். பைத்தியக்காரப் பேச்சு என்று பொருள்படும் விசர்க்கதை என்ற சொல்லையும் விடவில்லை. அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தேடிச் சொன்னாள். றொமேஷ் திரையில் அசையாமல் இருந்தார். இணைப்புப் போய்விட்டதோ என்று மெல்பேர்ணில் ஒருவர் கேட்டார். போகவில்லை.

"கடவுச்சொல்லை எப்படிக் கொடுத்தீர்கள்?"

"படகில் இருந்து, தொலைபேசியில். எஞ்சின் சத்தத்தால் மூன்று முறை கத்திச் சொன்னேன். படகிலிருந்த எல்லோருக்கும் கேட்டது."

கரோலின் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். இதன் விளைவு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"உங்கள் குழுவில் வேறு யாராவது இப்படிப் பகிர்வதுண்டா?"

றொமேஷ் முதல் தடவையாக நேராகத் திரையைப் பார்த்தார். கூட்டத்தில் இல்லாத ஆறு பேரை அன்ரனிட்டா நினைத்தாள். முதல் நாள் ரெலிபோனில் அவர்கள் சொன்னவற்றையும் நினைத்தாள். அவர்கள் மீதும் அவளுக்குக் கோபம் இருந்தது.

"என்னுடைய கடவுச்சொல்லைப் பற்றி மட்டும்தான் என்னால் சொல்லமுடியும்," என்றாள்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அவளுடைய அடையாளம் முடக்கப்பட்டது. திரையில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று வந்து, அனுமதி இல்லை என்றது. அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு முன்னறை யன்னல்களைத் திறந்தாள். ஜசிந்தா வாசலில் வந்து நின்று, முடிஞ்சுதோ என்று கேட்டார். ஓம் என்றாள். அடுத்த ஞாயிறு கோயிலில் றொமேஷின் தாயார் அவர்களுக்குப் பக்கத்து வாங்கில் இருக்கவில்லை. இரண்டு வாங்கு தள்ளிப்போய் இருந்தார்.

பதிவு பார்க்கப்பட்டது. முனையம் கொழும்பு அலுவலகத்தினுடையது. யூலை 12 அன்று இறுதி அறிக்கை வெளியானது. சேவையில் இருந்த பாதுகாப்பு வரிகளை மேலாளர் வேறொருவருடைய அடையாளத்தைப் பயன்படுத்தி அகற்றியதே காரணம் என்று அதில் எழுதப்பட்டது. 386 பேருக்கும் மன்னிப்புக் கடிதம் அனுப்பப்பட்டது. ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. றொமேஷுக்கு எழுத்துமூல எச்சரிக்கை வழங்கப்பட்டது; அவர் அதே பதவியில் இன்னொரு வாடிக்கையாளரின் வேலைக்கு மாற்றப்பட்டார். கடவுச்சொல்லைப் பகிர்ந்தமைக்காக அன்ரனிட்டாவின் வேலை யூலை 19, வெள்ளிக்கிழமையுடன் முடிவுக்கு வந்தது.